நாலு எண்ணுறதுக்குள்ள

சுண்டலைப் பிடுங்கிக்கிட்டாங்க. வாசல்ல பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டிப் பொண்ணு, "வெளிச் சாப்பாடு உள்ள விடறதில்லீங்க்கா"ன்னு சொல்லி டப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில வெச்சுட்டா. குனிஞ்சு பார்த்தேன், அங்க ஏற்கெனவே ரெண்டு எவர்சில்வர் டப்பா உக்காந்திருந்துச்சு. ஆக நான் ஒருத்தி மட்டும் இல்ல, என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் உள்ள எங்கேயோ நிக்கிறாங்க, அதுல ஒரு நிம்மதி. செரின் தலையில அடிச்சுக்கிட்டா. "கான்சர்ட்டுக்கு யாராச்சும் சுண்டல் கொண்டு வருவாங்களாம்மா." ஏன் வரக்கூடாது, பாட்டுக் கேட்டா பசிக்காதா, நாங்க வாசிச்ச காலத்துல சாயங்காலம் வயித்துக்கு ஏதாவது போடலைன்னா முபாரக் டிரம்ஸ் குச்சியையே தொட மாட்டான்னு சொல்ல வாயெடுத்தேன், முழுங்கிட்டேன். அந்தக் காலத்தைப் பத்தி இன்னைக்கு ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்பினேன். வந்தா மக பிடிச்சுக்குவா, அப்புறம் விடவே மாட்டா. மைதானம் பூரா ஜனம், எல்லாம் செரின் வயசு, இருபது இருபத்தொண்ணு, எல்லாம் கறுப்புச் சட்டை, ஏதோ துக்கத்துக்கு வந்த மாதிரி, ஆனா மூஞ்சியில கல்யாணக் களை. கோயம்புத்தூர்ல சாயங்காலமானா பாலக்காட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு காத்து வரும், அது வந்துடுச்சு, நல்லா இருந்துச்சு. எனக்கும் கறுப்புச் சட்டைதான். சுடிதார் பேன்ட்டுக்கு மேல டி-ஷர்ட்டு, நெஞ்சுல ஒரு பியூஸ் கட்டைப் படம், கீழ பெருசா மின்வெட்டுன்னு பேண்டு பேரு. துப்பட்டா போட்டா எழுத்து மறையுதுன்னு செரின் அதையும் உருவிட்டா. துப்பட்டா இல்லாம கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல, பையைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னேன். "ஓகேவாம்மா?" ஓகே. "நிஜமாவே ஓகேவா?" அட, ஓகேங்கறேன்ல.

இவ என்னையே பார்த்துட்டு இருக்கா, அதான் சங்கடம். நான் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் மெஷின்ல படுத்திருக்கிறவங்களைப் பார்க்கற மாதிரி பார்க்கறா. பிரஷர் இறங்குதா, வேர்க்குதா, கொட்டாவி விடறாங்களா. அம்மா மூஞ்சியில சோகம் எப்ப வரும்னு பார்க்கறா. இவளுக்கு என்னைப் பத்தி ஒரு கதை இருக்கு. பிளஸ் டூ படிக்கிறப்ப ஒரு பழைய போட்டோவைக் கண்டுபிடிச்சா, திருச்சில ஒரு காலேஜ் மேடையில நான் பேஸ் கிட்டாரோட நிக்கிறேன், பக்கத்துல தயா மைக்கைக் கடிச்சுத் திங்கிற மாதிரி நிக்கிறான், பின்னாடி முபாரக். மின்வெட்டுல நீ இருந்தியாம்மான்னு கேட்டா. இருந்தேன்டி, பேரு வெச்சதே நான்தான், பாலக்கரைல முபாரக் வீட்டு மாடியில நாங்க எப்ப நல்லா வாசிக்க ஆரம்பிச்சாலும் கரண்டு போயிடும், அதனால வெச்ச பேருன்னு சிரிச்சுட்டே சொன்னேன். அன்னையிலேர்ந்து இவ சிரிக்கல. காலேஜ்ல ஏதோ கூட்டத்துல எழுந்து, எங்கம்மா ரெஜினா மாதிரி எத்தனை பேர் கிட்டாரைக் கீழ வெச்சுட்டுக் கரண்டியைப் பிடிச்சாங்கன்னு பேசி, பிள்ளைங்க எல்லாம் கை தட்டிச்சாம். கரண்டியா. நான் கரண்டி பிடிச்சதை இவ எப்ப பார்த்தா, வீட்டுல பாதி நாள் அவங்கப்பா லூர்துதான் சமையல். நடந்தது ரொம்பச் சாதாரணம். எனக்கு கோயம்புத்தூர்ல டெக்னீஷியன் கோர்ஸ் கெடைச்சுது, வந்துட்டேன். வேன்ல ஊர் ஊராப் போறது எனக்கு ஒத்துக்கல, ரெண்டு ஆம்பளப் பசங்க சாக்ஸ் நாத்தம் ஒத்துக்கல, ராத்திரி ராத்திரி புரோட்டா தின்னு வயிறு கெட்டுப்போச்சு. தயா, "நீ இல்லாம எப்படி ரெஜி"ன்னான். "வேற ஆளைப் பாருடா"ன்னேன். பார்த்துட்டான். யாரும் அழல, யாரும் யார் கிட்டாரையும் உடைக்கல, அந்தக் கிட்டார் என்னுதுகூட இல்ல, மாதா கோயில் கொயர் பாட்டுக்குழுவோடது, போய்த் திருப்பிக் குடுத்துட்டு ரயில் ஏறிட்டேன். இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறா. "நீ அப்படித்தாம்மா சொல்லுவ"ங்கறா. தியாகின்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா ராஜினாமா பண்ண முடியாது போலிருக்கு.

ஆனா ஒண்ணு இருக்கு. அதை இவகிட்ட சொல்ல மாட்டேன், லூர்துகிட்டயும் சொன்னதில்ல. அவங்க பாட்டுன்னா எனக்கு உயிர். ஒவ்வொண்ணும் தெரியும், டியூட்டிக்குப் போற பஸ்ஸுல காதுல மாட்டிக்கிட்டா இறங்குற ஸ்டாப்பே தெரியாது. அப்படி இருக்கறவ, இவங்க இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்தாலும் போனதில்ல. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை நாத்தனார் வீட்டு விசேஷம், ஒரு தடவை யாருக்கோ பதில் டியூட்டி நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். பயம்தான், வேற என்ன. போய் நின்னு, அந்தச் சத்தம் மேல விழுந்து, அய்யோ விட்டுட்டேனேன்னு ஒரு தடவை தோணிட்டா அப்புறம் அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது? நல்லாத்தான் வாழ்ந்துட்டு இருக்கேன்னு நெனச்சுட்டு இருக்கறதெல்லாம் என்னாகும்? பல்லு வலியாட்டம் அது வீட்டுக்குக் கூடவே வரும், என்னோட சாப்பிடும், என்னோட தூங்கும். அதைவிட, இவ பார்த்துடுவா. பார்த்துட்டா இவ கதைதான் நெஜம்னு ஆயிடும். இவளே போன வாரம் டிக்கெட்டோட வந்து நின்னப்ப, இனிமே தப்பிக்க வழியில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன், நான் வர்றது அவங்க யாருக்கும் தெரியக்கூடாது, மெசேஜ் கிசேஜ் அனுப்பினே, பாதியில ஆட்டோ பிடிச்சு வந்துடுவேன். சரிம்மான்னா. அவ சரிங்கறதை அரைக் கிலோதான் நம்பலாம்.

லைட்டு அணைஞ்சுது. முழு மைதானமும் ஓன்னு ஒரு சத்தம், இவங்களுக்கு லைட்டு அணையறதுதான் ஆரம்பம், அப்படி ஒரு வழக்கம், எல்லாரும் செல்போன் டார்ச்சைப் போட்டுத் தலைக்கு மேல தூக்கறாங்க, வீட்டுல கரண்டு போனா செய்யறமே அப்படி. நானும் தூக்கினேன். அப்புறம் மேடையில விளக்கு வந்து, தயா வந்தான். தொப்பை போட்டுட்டான். தாடி வெளுத்துப்போச்சு. முபாரக் தலையில ஒரு முடி இல்ல, ஆனா உக்கார்றப்ப ஸ்டூலை ஒரு தடவை சுத்திவிட்டுட்டு உக்கார்றது இன்னும் போகல. எனக்குக் குபுக்குன்னு வந்துச்சு, அழுகை இல்ல, வேற, பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவனை திடீர்னு பஸ் ஸ்டாண்டுல பார்த்தா வருமே அது. மூணாவதா ஒரு பையன், கொண்டை போட்டிருக்கான், பேஸ் கிட்டாரை முட்டி வரைக்கும் தொங்க விட்டிருக்கான். அதுதான் என் இடம். அதுதான் இடம்னு திருத்திக்கிட்டேன், என் இடம் என்ன இருக்கு. முதல் பாட்டு அடிச்சான் பாருங்க, முதல் அடி, காதுல கேக்கறதுக்கு முன்னாடி தொப்புள்ள கேட்டுச்சு. என் இடது கைவிரல் அதுபாட்டுக்குப் பை வாரை அழுத்த ஆரம்பிச்சுது. மூணாவது கம்பி, ரெண்டாவது கட்டம், அப்படியே இறங்கி நாலாவது கம்பி. நான் சொல்லல, அதுவா பண்ணுது. இதோ வருது, வந்துடுச்சு, இதுக்குத்தான் பயந்தேன். சுருக்குன்னு ஒண்ணு குத்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் என்னைவிட நல்லா வாசிக்கிறான், அது குத்தல. அவன் தோள்ல வார் தொங்குற இடம் வேர்த்து நனைஞ்சிருந்துச்சு, பெரிய திரையில தெரிஞ்சுது, எனக்கும் அப்படித்தான் அந்த இடத்துல வேர்த்துக் கொட்டும், சட்டை எல்லாம் அங்க மட்டும் வெளுத்துப்போகும், அம்மா துவைக்கிறப்ப திட்டுவாங்க. அது குத்துச்சு. அந்த வேர்வை எனக்கு மறந்தே போயிருந்துச்சு. செரின் பக்கம் திரும்பவே இல்ல. பார்க்கறான்னு தெரியும்.

ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. நடுவுல தயா தண்ணி குடிச்சுட்டு, "இன்னைக்கு இந்தக் கூட்டத்துல எங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தங்க இருக்காங்க"ன்னான். சொல்லிட்டா, பாவி மக, சொல்லிட்டா, இப்ப பேரைக் கூப்பிடப்போறான், இந்த டி-ஷர்ட்டோட என்னை மேடையில ஏத்தப்போறாங்க, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க, பொன்னாடைகூட போத்தினாலும் போத்துவாங்க. செரின் கையை நறுக்குன்னு கிள்ளினேன். "நான் சொல்லலம்மா, மாதா சத்தியமா சொல்லல"ன்னு அவ கத்தறா. தயா கையை நீட்டி, "எங்க முதல் வேன் ஓட்டின அண்ணன்"னான், முன்வரிசையில ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டாரு. கை தட்டினேன் பாருங்க, அந்த அண்ணனுக்கு அவங்க வீட்டு ஆளுங்ககூட அப்படித் தட்டியிருக்க மாட்டாங்க. உசுரு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் நல்லா நின்னேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டேன், காலை அகட்டிக்கிட்டேன், பாட்டைக் கேட்டேன். ஆஸ்பத்திரில நாலு மணி நேரம் மெஷின் சுத்துறப்ப அந்தப் பம்பு ஒரே தாளத்துல டக்கு டக்குன்னு போகும், எத்தனையோ நாள் நான் அதுக்கு மேல இவங்க பாட்டை மனசுக்குள்ள ஓட்டியிருக்கேன், படுத்திருக்கிறவங்க என்ன சிஸ்டர் தலையாட்டறீங்கன்னு கேப்பாங்க. எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஊசி போடறப்ப நான்தான் வேணும்னு காத்துட்டிருக்கிறவங்க இருக்காங்க, வலிக்காம போடுவேன், கையில ஒரு பக்குவம் இருக்கு, அதுவும் விரல்தான், இதுவும் விரல்தான். அப்ப நான் என்ன விட்டேன்? எதையாவது விட்டிருக்கணும், இல்லைன்னா அந்த வேர்வை ஏன் குத்தணும். விட்டதும் இருக்கு, விடாததும் இருக்கு. இப்படியே சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வந்துட்டு இருந்தேன், ஆனா கோவமா சுத்தல, கோயில் திருவிழாவுல தேரு பின்னாடி நடக்கற மாதிரி சும்மா சுத்தினேன்.

அப்பத்தான் தயா, "லாரி வருதுடா"ன்னான். மைதானம் அலறிடுச்சு. தண்ணி லாரி. இவங்க பாட்டுல நான் கேக்காத ஒரே பாட்டு இதுதான், பஸ்ஸுல வந்தா தள்ளி விட்டுடுவேன், வீட்டுல செரின் போட்டா நான் கொல்லைக்குத் துணி எடுக்கப் போயிடுவேன். ஏன்னா அதுல நான் வாசிச்சிருக்கேன், முதல் கேசட்டு, அதுல ஒரு இடத்துல நான் சொதப்பியிருக்கேன். தில்லை நகர்ல ஒரு சின்ன ஸ்டுடியோ, பக்திப் பாட்டு பதியற இடம், எங்களுக்கு அடுத்து ஒரு பஜனைக் குழு ஜால்ராவோட வாசல்ல உக்காந்திருக்கு, கரண்டு வேற எப்ப போகும்னு தெரியல. பாட்டு நடுவுல எல்லாம் நிக்கணும், முபாரக் மட்டும் குச்சியால நாலு தட்டுவான், நாலும் முடிஞ்சப்புறம் எல்லாரும் சேர்ந்து விழணும். நான் நாலாவது தட்டுலயே விழுந்துட்டேன். அது கோயில் பழக்கம். பூசையில ஜனம் பாட்டை எப்பவும் இழுக்கும், பின்னாடியே வரும், அதனால கொயர்ல பேஸ் வாசிக்கிறவங்க ஒரு பீட் முன்னாடியே போகணும், அப்பத்தான் ஜனம் சரியா வந்து சேரும். சின்ன வயசுலேர்ந்து அப்படியே வாசிச்ச கை, ஸ்டுடியோவுலயும் ஜனத்தை இழுக்கக் கிளம்பிடுச்சு. அங்க ஏது ஜனம். முபாரக் என்னை முறைச்ச முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. திரும்ப எடுக்க நேரமில்ல, தயா, "விடு, எவனுக்குத் தெரியப்போகுது"ன்னான், அப்படியே கேசட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் மேடையில நான் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு பல்லைக் கடிச்சுட்டு எண்ணி, சரியாத்தான் வாசிச்சேன். அதிலேர்ந்து கொஞ்ச நாள்லயே ஊரை விட்டு வந்துட்டேன்.

இப்ப அந்த இடம் வருது. தயா, "குடத்தைத் தூக்கு, குடத்தைத் தூக்கு"ன்னு கத்தி நிறுத்தறான். எல்லாம் நின்னுபோச்சு. அவ்வளவு ஜனமும் மூச்சுக்கூட விடல, ஒரு கொழந்தை சிணுங்கறது கேட்டுச்சு. சுத்தியும் பிள்ளைங்க முட்டியை மடக்கித் தயாரா நிக்குதுங்க, செரினும் மடக்கியிருக்கா, நானும் மடக்கினேன். முபாரக் குச்சியைத் தூக்கினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. நான் நாலுக்காகக் காத்துட்டு இருக்கேன், நாலாவது தட்டே வரல, அந்த இடத்துல டம்முன்னு பேஸு விழுது, மைதானம் மொத்தமும் தரையை விட்டுக் கிளம்பிடுச்சு. எல்லாத் தலையும் மேல இருக்கு. நான் ஒருத்தி கீழ நிக்கிறேன். எண்ணி முடிச்சு நான் குதிச்சப்ப அத்தனை பேரும் இறங்கிட்டாங்க, பக்கத்துல நின்ன பையன் கால்லயே இறங்கினேன். "சாரிப்பா சாரிப்பா"ங்கறேன். அவன் காலைத் தேய்ச்சுக்கிட்டே, "பரவால்லைங்க்கா, நாலு வரைக்கும் எண்ணாதீங்க, மூணுலயே போயிடணும்"னு எனக்குச் சொல்லிக் குடுக்கறான். செரினுக்குச் சிரிப்புத் தாங்கல. "ம்மா, பாட்டே தெரியாத ஆளாட்டம் குதிக்கிற. அந்த இடம்தாம்மா பாட்டே. கேசட்டுல அப்படித்தான் இருக்கு, எல்லாரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்." எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. மேடையில அந்தக் கொண்டைப் பையன் கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு பக்தியா என் தப்பை வாசிக்கிறான். யாரோ அவனுக்கு உக்கார வெச்சுப் பழக்கியிருக்காங்க, இப்படித்தான் முந்திக்கணும், பிந்தினா பாட்டு கெட்டுடும்னு. முறைச்ச முபாரக் இப்ப மூணு தட்டிட்டுப் பல்லைக் காட்டறான். கேசட்டைக் கேட்ட ஜனம் வந்து வந்து மூணுலயே குதிச்சிருக்கு, எத்தனை நாளைக்கு இவங்களும் நாலு எண்ணுவாங்க, விட்டுக்குடுத்துட்டாங்க. எனக்கு அடிவயித்துலேர்ந்து சிரிப்பு வந்துச்சு. நிறுத்த முடியல. கண்ணுல தண்ணியா ஊத்துது, சிரிக்கிறேன். அந்தச் சுருக்கு எங்க போச்சுன்னு உள்ள தேடிப் பார்த்தேன். இருந்துச்சு, போகல, ஆனா ரொம்பச் சின்னதா, செருப்புல ஒரு மணல் மாதிரி. இருந்துட்டுப் போகட்டும், இதோட நடந்துடலாம். நான் சந்தோஷமா இருந்தேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

செரின் என் கண்ணைப் பார்த்துட்டா. அவ சிரிப்பு நின்னுபோச்சு, கிட்ட வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு காதுல கத்தறா, "எனக்குத் தெரியும்மா. நீ அங்க நின்னிருக்கணும்மா. விட்டிருக்கக்கூடாது." பாவம், இவ்வளவு நாள் எனக்காக இவ எவ்வளவு பாரத்தைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கான்னு அப்பத்தான் உறைச்சுது. அவ கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சேன். "அந்த இடம் நான் பண்ண தப்புடி"ன்னேன். தயா மறுபடியும் குடத்தைத் தூக்கச் சொல்லிட்டு இருக்கான், ஒண்ணும் கேக்கல. "என்னம்மா?" "நான் அங்கதான்டி நிக்கிறேன்." "கேக்கலம்மா." பரவால்ல, பஸ்ஸுல சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம், சொல்லாமலே விட்டாலும் விடலாம். அவ என் மூஞ்சியை உத்துப் பார்க்கறா, பிரஷர் பார்க்கற மாதிரி, நல்லாப் பார்த்துக்கோன்னு காட்டினேன். என்ன பார்த்தாளோ, அவ மூஞ்சி மெதுவா மாறிச்சு, வாய் ஓரத்துல சிரிப்பு திரும்ப வந்துச்சு. மேடையில எல்லாம் நின்னுபோச்சு. ஜனம் முட்டியை மடக்கிடுச்சு. முபாரக் குச்சியைத் தூக்கினான். ஒண்ணு, ரெண்டு, நான் மக கையைப் பிடிச்சுக்கிட்டு மூணுலயே போயிட்டேன்.